இருபது ரூபாய் முத்திரைத்தாளில் நான் இட்ட கையெழுத்து

கடந்த மார்ச் மாதத்தோடு என் வழக்குரைஞர் தொழிலை முடித்துக்கொண்டேன். 1984 இல் பதிவு செய்துகொண்ட நாளிலிருந்து கணக்கிட்டால் 41 ஆண்டுகள். சென்னை தம்புச் செட்டித் தெருவில், மாடியில் இருந்த என் சிறிய அறையைக் காலி செய்வதற்காக அலமாரியிலிருந்த வழக்குக் கட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கிப் பிரித்துப் பார்த்தபோது, பெண்கள் கொண்டுவந்த சொத்து வழக்குகள் பலவற்றில் ஏறத்தாழ ஒரே வாசகம் கொண்ட ஒரு தாள் இருப்பதைக் கவனித்தேன். "எனக்குரிய சீர்வரிசைகளைப் பெற்றுக்கொண்டபடியால் மேற்படி வீட்டில் எனக்கு எவ்விதப் பாத்தியதையும் இல்லை" என்று எழுதி, கீழே ஒரு பெண் கையெழுத்தோ கைரேகையோ வைத்திருப்பாள். அந்தத் தாள் என் சொந்தக் கட்டிலும் இருக்கிறது. அதில் கையெழுத்திட்டவள் நான். ஐந்தேகால் ஆண்டுகள் என் உடன்பிறந்தவர்களோடு நான் நடத்திய வழக்கைப் பற்றி, உடன் பணியாற்றியவர்களிடம்கூட வெட்கத்தால் வாய்திறக்கவில்லை. அன்று எனக்கு யாராவது எடுத்துச் சொல்லியிருந்தால் எவ்வளவோ இழப்பைத் தவிர்த்திருப்பேன் என்பதால், இப்போது முழுவதையும் எழுதுகிறேன்.

புரசைவாக்கத்தில் இருந்த எங்கள் வீட்டைத் தாத்தா 1938 இல் கட்டினார். அவர் 1951 இல் காலமானார். 1958 இல் அப்பாவும் அவருடைய தம்பியும் பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரத்தின் மூலம் சொத்துகளைப் பிரித்துக்கொண்டதில், அந்த வீடு அப்பாவின் பங்காக வந்தது. எனக்கு ஓர் அண்ணன், ஒரு தம்பி. எனக்கு 1986 இல் திருமணம் நடந்தது. இந்த ஆண்டைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் மகளுக்கும் பிறப்பால் கூட்டுக்குடும்பச் சொத்தில் உரிமை உண்டு என்று கொண்டுவரப்பட்ட சட்டத்திருத்தம் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. அதே சட்டம், அந்தத் தேதிக்கு முன்பே திருமணமான மகள்களுக்கு இது பொருந்தாது என்றும் சொல்லியது. அதே ஆண்டு மே மாதத்தில் திருமணமான என் சித்தப்பா மகளுக்கு உரிமை கிடைத்தது, எனக்கு இல்லை. நாங்கள் இருவரும் ஒரே முற்றத்தில் விளையாடி வளர்ந்தவர்கள்.

அந்தச் சட்டத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். 1929 இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டு, அறுபது ஆண்டுகள் கழித்து அது சட்டமானபோது, இளம் வழக்குரைஞராக இருந்த எனக்கு உண்மையிலேயே உடல் சிலிர்த்தது. ஆயினும், மணமான மகள் வேறு குடும்பத்தாள் என்ற பழைய எண்ணம் அந்தச் சட்டத்தின் ஓர் உட்பிரிவுக்குள் ஒளிந்துகொண்டிருந்ததை, என் வாழ்க்கை அதில் இடித்துக்கொண்ட பிறகுதான் முழுமையாக உணர்ந்தேன். அரசியலில் பெண்களுக்கு எதையேனும் தருவதாக அறிவிக்கும்போது, தருகிற பொருளை மட்டும் பார்க்காமல், அது எந்தத் தேதியிலிருந்து, யாருக்கு என்பதையும் பார்க்க வேண்டும் என்று அன்று முதல் சொல்லி வருகிறேன்.

அப்பா 2002 இல் உயில் எதுவும் எழுதாமல் காலமானார். மறு ஆண்டு அண்ணன் வீட்டு வரியையும் மின் இணைப்பையும் தன் பெயருக்கு மாற்ற வேண்டும் என்று சொல்லி, இருபது ரூபாய் முத்திரைத்தாள் ஒன்றை என்முன் நீட்டினார். "நீயே வக்கீல்மா, உனக்கு இது எதுக்கு, ஒரு கையெழுத்துப் போட்டுடு" என்றார். அம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் படித்துப் பார்க்காமல் போட்டுவிட்டேன் என்று சொன்னால் அது பொய். முழுவதையும் படித்தேன். 1989 ஆம் ஆண்டுச் சட்டம் என்னை விலக்கியிருந்தாலும், அப்பாவின் பங்கில் வாரிசு என்ற முறையில் எனக்கு ஒரு சிறு பங்கு உண்டு என்பதும் தெரியும். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டேன். நீதிமன்றத்தில் எத்தனையோ பெண்களுக்காக வாதாடிய நான், எங்கள் வீட்டுக் கூடத்தில் பத்து வயதுப் பெண்ணாகத்தான் நின்றேன்.

இதைப் படிக்கும் பெண்களுக்கு இந்த இடத்தில் நான் சொல்ல விரும்புவது இதுதான். வரிப் பெயர் மாற்றத்துக்கோ மின் இணைப்புக்கோ ஒப்புதல் தருவது வேறு, சொத்திலிருந்து உரிமையை விட்டுக்கொடுப்பது வேறு. ஒப்புதல் கடிதம் என்றால் "இந்த ஒப்புதல் பெயர் மாற்றத்துக்கு மட்டுமே, சொத்தில் எனக்குள்ள பங்கை இது பாதிக்காது" என்ற வரியை உங்கள் கையாலேயே எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். கையெழுத்திட்ட தாளை உடனே கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் இட்டது போன்ற பதிவு செய்யப்படாத தாள், அசையாச் சொத்தில் உங்கள் உரிமையை அழித்துவிடாது. அதைக் கண்டு அஞ்சி வீட்டிலேயே உட்கார்ந்துவிட வேண்டாம். ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போய்ப் பதிவு செய்யும், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் அப்படிப்பட்டதன்று. ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினார்கள் என்றால், அது தெரியவந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் நீதிமன்றத்துக்குச் சென்றாக வேண்டும்.

என் கணவர் 2013 இல் காலமானார், அடுத்த ஆண்டு அம்மாவும் போய்விட்டார். மகள் வேலைக்காகப் புனேயில் இருந்தாள். சைதாப்பேட்டையில் ஒரு வாடகை வீட்டின் தரைத்தளத்தில் தனியாக இருந்தேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றுத் தண்ணீர் மார்பளவுக்கு வந்தது. துணிமணிகளும் பாத்திரங்களும் போனதைவிட, வீட்டில் வைத்திருந்த பதினான்கு கட்டுகள் நனைந்து கூழானதுதான் எனக்குப் பெரிய துயரம். அவற்றில் இரண்டில் கட்சிக்காரர்களின் அசல் பத்திரங்கள் இருந்தன. அவற்றுக்குச் சான்றிட்ட நகல்கள் வாங்கிக் கொடுக்க எனக்கு நான்கு மாதங்கள் ஆயின. அதுவரை என் முகத்தைப் பார்த்து ஒரு கடுஞ்சொல்லும் சொல்லாத அந்த இரண்டு பேருக்கும் நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

வெள்ளம் வடிந்த பிறகு வேறு வீடு தேடினேன். இந்த நகரத்தில் நான் பிறந்து வளர்ந்தவள், இதை மிகவும் நேசிக்கிறவள். ஆனால் ஐம்பது வயதைத் தாண்டிய, கணவனை இழந்த, தனியாக வாழும் பெண் வீடு கேட்டு நடந்தால் சென்னை எப்படியிருக்கும் என்பதை அந்த மாதங்களில்தான் தெரிந்துகொண்டேன். சிலர் "வக்கீலுக்கும் போலீசுக்கும் கொடுக்கிறதில்லைங்க" என்றார்கள். சிலர் தனியாளா என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். பத்தொன்பது வீடுகள் பார்த்து, தற்காலிகமாக ஒரு தோழியின் மாடியில் தங்கி, கடைசியில் கொளத்தூரில் மாதம் 16,000 ரூபாய்க்கு ஒரு வீடு கிடைத்தது. முன்பணம் பத்து மாத வாடகை, 1,60,000 ரூபாய். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. வீடு கிடைத்தால் போதும் என்ற நிலையில் இருப்பவர்கள் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடுவார்கள் என்பது நானே அறிந்த உண்மை. எழுத்துப்பூர்வமான ஒப்பந்தத்தையும், முன்பணத்தை வங்கி வழியாகச் செலுத்திய சான்றையும் மட்டுமாவது விடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

கொளத்தூருக்குப் போவதற்கு முன், புரசைவாக்கம் வீட்டு மாடிப் பகுதி காலியாக இருந்தபோது, அங்கே சில காலம் இருந்துகொள்கிறேன் என்று அண்ணனிடம் கேட்டேன். அவர் பீரோவைத் திறந்து 2003 இல் நான் எழுதிக் கொடுத்த தாளை எடுத்துக் காட்டினார். தம்பி தலையைக் குனிந்துகொண்டு, "அக்கா, இதெல்லாம் வேண்டாம்க்கா" என்று மட்டும் சொன்னான். அன்று வெளியே வந்து கங்காதரேசுவரர் கோயில் வாசலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கோபத்தைவிட அவமானமே மிகுதியாக இருந்தது.

2017 ஆகஸ்டில் பாகப்பிரிவினை வழக்குத் தொடர்ந்தேன். நானே நடத்திவிடலாம் என்று எண்ணி, எதிர்த்தரப்புக்கு அனுப்பும் வழக்கு அறிவிப்பை நானே எழுதியதுதான் என் இரண்டாவது தவறு. ஆத்திரத்தில், என்னை வீட்டுக்குள் காலடி வைக்க விடவில்லை என்று அதில் எழுதிவிட்டேன். கூட்டுச் சொத்தில் ஒருவரின் அனுபவம், அதாவது சொத்தைத் தம் வசம் வைத்திருப்பது, எல்லோரின் அனுபவமாகவே கருதப்படும் என்பதால், கூட்டு அனுபவத்தில் இருப்பவர் பாகம் கேட்கும்போது குறைந்த நிலையான கட்டணம் செலுத்தினால் போதும். அனுபவத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர் தன் பங்கின் மதிப்பில் 3 விழுக்காடு செலுத்த வேண்டும். என் அறிவிப்பை எதிர்த்தரப்பு காட்ட, என் பங்கு 45 லட்சம் என்று மதிப்பிடப்பட்டு, 1,35,000 ரூபாய் நீதிமன்றக் கட்டணம் செலுத்த நேர்ந்தது. கோபமாக எழுதிய ஒரு வாக்கியத்தின் விலை அது. நடந்ததை மறைத்து எழுதச் சொல்லவில்லை. எழுதும் ஒவ்வொரு சொல்லுக்கும் சட்டத்தில் விளைவு உண்டு என்பதால், ஆத்திரத்தில் இல்லாத ஒருவர் எழுதட்டும் என்கிறேன். அதன்பின் வேறொரு வழக்குரைஞரிடம் வழக்கை ஒப்படைத்தேன். அவருக்குக் கட்டணமாக மொத்தம் 1,60,000 ரூபாய் ஆனது. கட்டணம் கொடுக்க வழியில்லை என்று பின்வாங்கும் பெண்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1987 ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி எந்தப் பெண்ணும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுடையவள். பல பெண்களுக்கு இது தெரியாது. தெரிந்தவர்களிலும் பலர், அது பரம ஏழைகளுக்கு மட்டும் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

பத்திரங்கள் எல்லாம் அண்ணனிடம் இருந்தன. அதனால் வழக்குப் போட முடியாது என்று பலரும் நினைக்கிறார்கள். பதிவு செய்யப்பட்ட சொத்துப் பத்திரத்தின் சான்றிட்ட நகலைப் பதிவுத்துறையில் யார் வேண்டுமானாலும் விண்ணப்பித்துப் பெறலாம். 1958 ஆம் ஆண்டுப் பத்திரத்தின் எண் எனக்குத் தெரியாது, ஆண்டும் இரு தரப்புப் பெயர்களும் மட்டுமே தெரியும். தேடுதல் விண்ணப்பம் கொடுத்து, மூன்று முறை நடந்து, நகலை வாங்கினேன். தேடுதலுக்கும் நகல்களுக்கும் 11,500 ரூபாய் செலவானது. வில்லங்கச் சான்றையும் எடுத்து, நான் அறியாமல் ஏதேனும் விற்பனையோ அடமானமோ நடந்திருக்கிறதா என்று பார்த்தேன். வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தால் எல்லாம் சுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். பதிவு செய்யாத உயிலோ ஒப்பந்தமோ அதில் தெரியாது. பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து உரிமை போய்விட்டதாகவும் எண்ண வேண்டாம்.

வழக்கின் உயிர்நாடி வேறோர் இடத்தில் இருந்தது. 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டத்திருத்தம், திருமணமானவளா இல்லையா என்று பாராமல் மகளுக்கும் மகனுக்கும் சம உரிமை கொடுத்தது. குடியிருக்கும் வீட்டைப் பிரிக்குமாறு பெண் வாரிசு கேட்கக் கூடாது என்றிருந்த பழைய பிரிவையும் நீக்கியது. ஆனால் 2015 இல் உச்ச நீதிமன்றம், அந்தத் தேதியில் தகப்பனார் உயிரோடு இருந்திருந்தால்தான் மகளுக்கு அந்த உரிமை என்று தீர்ப்பளித்திருந்தது. என் அப்பா 2002 இலேயே போய்விட்டார். மறுபடியும் ஒரு தேதி என்னை வெளியே நிறுத்தியது. கணக்கு இதுதான்: மகளாகச் சம உரிமை உண்டென்றால் எனக்கு வீட்டில் மூன்றில் ஒரு பங்கு, இல்லையென்றால் அப்பாவின் பங்கிலிருந்தும் அம்மா வழியிலும் வருவதைச் சேர்த்து ஒன்பதில் ஒரு பங்கு. என் வழக்குரைஞர் நிதானமானவர். முதலில் மூன்றில் ஒன்று, அது முடியாதென்றால் ஒன்பதில் ஒன்று என இரண்டையும் பிராதில் கேட்டிருந்தார். சட்டம் நிலையில்லாமல் இருக்கும்போது இப்படி மாற்றுக் கோரிக்கையையும் சேர்த்துக் கேட்பது எவ்வளவு முக்கியம் என்பது 2020 ஆகஸ்ட் 11 அன்று தெரிந்தது. வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, மகளின் உரிமை பிறப்பால் வருவது, 2005 இல் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. நோய்த்தொற்றுக்காலம் அது. நீதிமன்றங்கள் காணொலியில் நடந்துகொண்டிருந்தன. கொளத்தூர் வீட்டில் தனியாக உட்கார்ந்து அந்தத் தீர்ப்பை இரவு முழுவதும் படித்தேன். 1989 இல் ஒரு முறையும் 2015 இல் ஒரு முறையும் மூடப்பட்ட கதவு, என்னுடைய 61 ஆவது வயதில் திறந்தது. அழுதேன். அப்பா இருந்திருந்தால் தொலைபேசியில் சொல்லியிருப்பேன் என்று தோன்றியது.

அண்ணன் தரப்பு, 1995 இலேயே அப்பாவும் மகன்களும் வாய்மொழியாகப் பாகம் பிரித்துக்கொண்டார்கள் என்று சொல்லியிருந்தது. அதற்கும் அதே தீர்ப்பில் விடை இருந்தது. பொது ஆவணங்களின் வலுவான ஆதரவு உள்ள அரிய நேர்வுகளில் தவிர, வாய்மொழிப் பாகப்பிரிவினை என்ற வாதத்தை ஏற்கக் கூடாது என்று நீதிபதிகள் எழுதியிருந்தார்கள். அப்படியான ஆவணம் எதுவும் அவர்களிடம் இல்லை. இருந்தும் வாய்தாக்கள் தொடர்ந்தன. இதற்கிடையில் அண்ணன் மகள் திருமணத்துக்கு எனக்கு அழைப்பு வரவில்லை. அந்தக் குழந்தைக்கு முதன்முதலில் காது குத்தியபோது மடியில் வைத்துக்கொண்டவள் நான். பணக்கணக்கில் எழுத முடியாத இழப்பு அது.

2022 இல் வழக்குச் சமரசத்துக்கு அனுப்பப்பட்டது. நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் நம் சென்னை உயர்நீதிமன்றத்தில் 2005 லேயே தொடங்கப்பட்டது என்றாலும், வழக்குரைஞராக நான் அதை அவ்வளவாக மதித்ததில்லை. கட்சிக்காரராக உட்கார்ந்தபோதுதான் அதன் அருமை விளங்கியது. ஏழு அமர்வுகள். முதலில் 22 லட்சம் என்றார்கள். அன்றைய மதிப்பில் என் பங்கு 52 லட்சம் வரும். கடைசியில் 38 லட்சத்துக்கு ஒப்புக்கொண்டேன். ஏன் 14 லட்சத்தை விட்டாய் என்று மகள் கேட்டாள். முதல்நிலைத் தீர்ப்பாணை, மேல்முறையீடு, இறுதித் தீர்ப்பாணை என்று இன்னும் பத்து ஆண்டுகள் போகக்கூடும் என்பதை நான் அறிவேன். எனக்கு நேரம்தான் தேவைப்பட்டது. அதற்காக எல்லோரும் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லமாட்டேன். முப்பது வயதுப் பெண்ணாக இருந்தால் கடைசி வரை நின்றிருப்பேன். சமரசத்தில் முடித்துக்கொள்பவர்கள், பணம் கைக்கு வரும் அதே நாளில் விடுதலைப் பத்திரத்தைப் பதிவு செய்யுங்கள். முன்னதாகக் கையெழுத்திட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். சமரசத்தில் தீர்ந்த வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும். அதற்கு மனுப் போட மறக்காதீர்கள். என் 1,35,000 ரூபாய் ஏழு மாதத்தில் திரும்பி வந்தது. வழக்கு நடந்த 63 மாதங்களில் நான் கட்டிய வாடகை மட்டும் 10,08,000 ரூபாய்.

வழக்கு முடிந்த மறு ஆண்டு, மகளிருக்கு மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கும் அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறியது. மகிழ்ச்சியோடு படித்துக்கொண்டு போனேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அதன்பின் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே அது நடைமுறைக்கு வரும் என்ற வரியில் என் கண் நின்றுவிட்டது. எனக்குப் பழக்கமான வரி அது. உள்ளாட்சியில் நம் மாநிலம் 2016 இல் பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டம் செய்தது. ஆனால் சென்னை மாநகராட்சிக்கு அந்த ஆண்டு முதல் 2022 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லாமல் இருந்தது. இப்போது உறுப்பினராக ஒரு பெண் இருக்கும் வார்டுகளில், அவருடைய வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து பேசுவதை நான் பார்த்திருக்கிறேன். கணவரை வெளியே உட்கார வைத்துவிட்டுத் தானே கோப்பைப் பார்த்த பெண்ணையும் பார்த்திருக்கிறேன். இரண்டாமவர்களின் எண்ணிக்கை கூடிவருகிறது என்பது என் நம்பிக்கை. 2021 இல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆனபோது அதைக் கேலி செய்தவர்கள் உண்டு. ஜீவனாம்ச வழக்கின் வாய்தாவுக்கு வருவதற்குப் பேருந்துக் காசை எந்தக் கணவன்மீது வழக்கோ அவனிடமே கேட்க வேண்டியிருந்த பெண்களை நான் அறிவேன். அவர்கள் அதன்பின் வாய்தாவைத் தவறவிடவில்லை.

இந்த ஆண்டுப் பொங்கலுக்குத் தம்பி மஞ்சள் கொத்தும் கரும்பும் கொண்டுவந்தான். எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த சீர். அதிகம் பேசவில்லை, காப்பி குடித்துவிட்டுப் போனான். அண்ணன் இன்னும் வரவில்லை.

கட்டுகளைத் திருப்பிக் கொடுக்கும் வேலை இன்னும் முடியவில்லை. உங்கள் வழக்குரைஞரிடம் அசல் பத்திரம் எதையாவது கொடுத்திருந்தால், வழக்கு முடிந்த அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள். கொடுக்கும்போதே இன்னின்ன ஆவணங்கள் என்று எழுதி ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். அவர் ஓய்வு பெற்றாலோ இறந்துபோனாலோ அந்த அலமாரியை யார் திறப்பார்கள் என்று சொல்ல முடியாது. என்னிடம் இன்னும் 26 கட்டுகள் இருக்கின்றன. முகவரியில் ஆள் இல்லை என்று அஞ்சல் திரும்பி வந்தவை அவை. அவற்றில் ஒன்று வியாசர்பாடியில் பூக்கட்டி விற்ற ஒரு பெண்மணியுடையது. அவருடைய தாயாரின் வீட்டுப் பத்திரம் அதில் இருக்கிறது, 2003 இல் நான் கையெழுத்திட்டதைப் போன்ற ஒரு தாளும் இருக்கிறது. அந்தத் தாளின் பின்புறத்தில், இது பதிவு செய்யப்படாதது, உங்கள் உரிமை போகவில்லை என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை காலையில் நேரில் போய்த் தேடப் போகிறேன்.